நான்கு நிமிடம் முன்னதாக

பிராதோவில் சவுக்குக் காட்டை வகிர்ந்து போகிறது
கரும்பு ரயில் விட்டுப்போன பாதை.
அதில் இப்போது ஆயிரம் கம்பிச் சுருள்கள்
மல்லாந்து கிடக்கின்றன.
குறுக்கே இறங்கும் தண்டவாளத்தில் பதினைந்து தள்ளுவண்டிகள்.
காலைதோறும் ஒரு மீட்டர் நகர்த்துவோம்
கூர்ப்பனும் நானும்,
எரிமலைக் கல்லில் முழங்கால் சிராய்த்தபடி.
பெரிய விஞ்ஞானம் என்று வீட்டில் நினைக்கிறார்கள்.
நான் கிரீஸ் வாசனையோடு திரும்புகிறேன்.

இரவில்தான் அது வரும்.
பெயர் கிடையாது, எண் உண்டு.
ஒரு விண்மீன் மண்டலம், அதன் நடுவில்
நூறு கோடிச் சூரியன்களை விழுங்கியும் அடங்காத ஒன்று.
விழுங்குமுன் வாயோரம் சிந்தியதை
இரு பக்கமும் பீய்ச்சுகிறது,
ஒளியோடு பந்தயம் கட்டிய வேகத்தில்.
எங்கள் தாளில் அது
இரண்டு மேடு, இடையில் பள்ளம். அவ்வளவே.
நம்மை நோக்கி வரும் தாரை உரக்கத் தெரியும்.
விலகிப் போவதைத் தேட வேண்டும்,
வீசிய வாய் ஒன்றே ஆனாலும்.

மார்ச்சில் மூன்று வாரம்
அந்த மங்கிய மேட்டைக் காணவில்லை.
தாள் முழுக்கக் கிறுக்கல்.
இடி இல்லை, மின்னல் இல்லை, சூரியன் எப்போதோ விழுந்தாயிற்று.
கூர்ப்பன் எலியைச் சந்தேகித்தார்.
நான் கை ஆண்டெனாவைத் தூக்கிக்கொண்டு
இரைச்சல் கூடும் திசையில்
மோப்பநாய் மாதிரி நடந்தேன், கடல் வரை.

போஸ்ட் லாஃபாயெத்தில் ஒரு தகரக் கூரை.
அதன்மேல் துணிக்கொடியோடு சேர்த்துக் கட்டிய நீளக் கம்பி.
கம்பியில்லாத் தொலைபேசி, பொத்தானை அழுத்திப் பேசுவது.
கப்பலில் வேலை பார்க்கும் தம்பி சிங்கப்பூரில் வாங்கியது.
உரிமம் என்றால் என்ன என்று கேட்கும் வகை.
கைப்பிடியோடு கயத்தான் பவளத்திட்டுக்கு அப்பால் படகில்;
மார்லேன் அடுக்களையில்.

என் காதுக்கருவியில் மார்லேன் மட்டுமே கேட்டார்.
"அலூ. சாப்பிட்டியா?"
பள்ளம்.
"இங்கே மழை இல்லை."
பள்ளம்.
"வலை போனால் போகட்டும், நீ வா."
அந்தப் பள்ளங்களுக்குள் ஒருவர்
இருட்டில் துடுப்பைப் பிடித்தபடி இருக்கிறார் என்பதை
பதில்களிலிருந்து கட்டி எழுப்ப வேண்டியிருந்தது.
என் வேலையே அதுதான்.

ஒரு படிவம் நிரப்பி அனுப்பியிருக்கலாம்,
போலீஸ் வந்து கம்பியை முறித்திருக்கும்.
கதவைத் தட்டினேன்.

என் பேச்சை யார் கேட்டது, என்றார்.
இயந்திரம் என்றேன். பாதிப் பொய்.
உங்கள் நட்சத்திரம் என்ன சொல்லுது?
ஒன்றும் சொல்வதில்லை. எறிகிறது.
யார் மேல்?
யார் மேலும் இல்லை.
மார்லேன் மீன்செதில் சுரண்டியபடி சிரித்தார்:
"என் மாமியார் மாதிரி."

அட்டவணை எழுதிக் கொடுத்தேன்.
இன்று இரண்டு பதினாறிலிருந்து அரைமணி மௌனம்,
நாளை இரண்டு பன்னிரண்டு, மறுநாள் இரண்டு எட்டு.
வானத்தின் நாள் நம் நாளைவிட நான்கு நிமிடம் குட்டை.
ஓத நேரக் காலண்டருக்குப் பக்கத்தில் அதை ஒட்டினார்.
கடல் தினமும் பிந்துகிறது, இது முந்துகிறதா என்றார்.
பிறகு, எப்போதாவது இரண்டும் சந்திக்குமே என்றார்.
நான் அப்படி யோசித்ததில்லை.

மூன்றாம் இரவு மங்கிய மேடு திரும்பி வந்தது.
பென்சிலால் வட்டமிட்டேன்.
அறுபது கோடி வருடம் முன்பு கிளம்பியது;
இந்தத் தீவுக்கோ ஒரு கோடி வயதுகூட ஆகவில்லை.
எறிந்த வாய் இப்போது மூடியிருக்கலாம்,
பசி தீர்ந்தோ, இரை தீர்ந்தோ.

ஏழாம் இரவு காற்று சவுக்கை முறுக்கியது.
ஒன்று நாற்பத்தெட்டு. மேடு எழும் நேரம்.
பேனா துள்ளிற்று.
கிறுக்கல். பள்ளம். கிறுக்கல். பள்ளம்.
ஒரே அளவான பள்ளங்கள்,
கூப்பிட்டுக் காத்திருந்து மறுபடி கூப்பிடும் அளவு.
காதுக்கருவி மேஜைமேல் இருந்தது. நான் எடுக்கவில்லை.
கிறுக்கல். பள்ளம். கிறுக்கல்.
அதன் பிறகு ஒரு பள்ளம்,
நீளமானது,
ஒருவர் பேசி முடிக்க ஆகும் நீளம்.

பதிவேட்டில்:
1.48 முதல் 1.59 வரை குறுக்கீடு.
காரணம் என்ற கட்டத்தில்
வானிலை என்று எழுதினேன்.